கோமதி டீச்சரை விழவிட்டிருக்க வேண்டும்

செய்தி வந்தபோது நான் வார்டில் ஒரு நோயாளியை நாற்காலியிலிருந்து எழுப்பிக்கொண்டிருந்தேன். எழுப்பிக்கொண்டிருந்தேன் என்று எழுதுவதே தப்பு. அவர் எழுந்துகொண்டிருந்தார், நான் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தேன். இந்த வித்தியாசத்தை என் மண்டையில் ஏற்றியவள்தான் அன்று காலை போய்ச் சேர்ந்திருந்தாள். கோட்டுப் பையில் போன் அதிர்ந்துகொண்டே இருந்தது. அவர் எழுந்து, நின்று, மூச்சு வாங்கி, மறுபடி உட்காரும்வரை நான் எடுக்கவில்லை. பிறகு எடுத்துப் பார்த்தால், பழைய மாணவர்கள் குழுவில் அனில் போட்டிருந்தான். கூப்பிய கைகள் வரிசையாக. கீழே எழுதியிருந்தான்: "நம்முடைய கோமதி டீச்சர் இன்று காலை நம்மை விட்டுப் பிரிந்தார். படுத்த நாள் முதல் கடைசிவரை ஒரு தடவைகூட டீச்சரை நாம் விழவிடவில்லை என்பதே நமக்கு ஆறுதல்."

ஆறுதலாம்! முப்பது வருஷத் தோழி செத்துவிட்டாள், எனக்கு முதலில் வந்தது அழுகையில்லை. போனைச் சுவரில் அடிக்கலாம் போலிருந்தது. அந்த வரிக்குக் கீழே எத்தனை பேர் கைகூப்பியிருந்தீர்கள், எத்தனை பேர் 'உண்மை' என்று எழுதியிருந்தீர்கள்! எல்லோரும் அவளிடம் படித்தவர்கள். ஒருவருக்குக்கூடவா அது உறைக்கவில்லை?

கல்லூரி அரங்கில் நினைவுக்கூட்டம் வைத்து ஒரு மலர் போடப்போகிறீர்களாம். கூட வேலை பார்த்தவள் என்ற முறையில், நல்ல நினைவுகளாக நாலு பக்கம் எழுதித் தாருங்கள் என்று கேட்டிருந்தீர்கள். எழுதுகிறேன். நல்ல நினைவுகளும் உண்டு, மற்றதும் உண்டு. அச்சிட மனசில்லாவிட்டால் கிழித்துப் போட்டுவிடுங்கள். எனக்கு ஒன்றும் போகாது. அவளுடைய ஆத்மாவுக்கு அமைதி வேண்டி முடிக்கிற வேலை மட்டும் என்னால் ஆகாது. அவளுக்கு எப்போதும் அமைதி பிடித்ததில்லை.

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். கோமதி எங்கள் பிசியோதெரபி கல்லூரியில் பயோமெக்கானிக்ஸ் நடத்தியவள். உடம்பு எப்படி நிற்கிறது, எதனால் சாய்கிறது, சாய்ந்ததை எப்படிப் பிடித்துக்கொள்கிறது, புதிதாக ஓர் அசைவை அது எந்த வழியாகக் கற்கிறது என்பதெல்லாம் அவள் பாடம். நான் கல்லூரியை ஒட்டிய ஆஸ்பத்திரியில் நோயாளிகளைப் பார்ப்பவள். இருவரும் ஒரே வாரத்தில் வேலைக்குச் சேர்ந்தோம். அடுத்த வருஷம் இருவரும் ஓய்வு பெறுவதாக இருந்தது. அவள் நாகர்கோவில் பக்கத்துக்காரி. கல்யாணம் செய்துகொள்ளவில்லை, கரமனையில் வாடகை வீட்டில் இருந்தாள். நான் வலியசாலை அக்ரஹாரத்தில் பிறந்து அங்கேயே வாழ்க்கைப்பட்டவள். என் பேச்சைக் கேட்டாலே அவளுக்குச் சிரிப்பு. "ஏட்டி மீனா, நீங்க ஒவ்வொரு வார்த்தையையும் நெய்யில முக்கித்தான் வெளிய எடுப்பியளோ?" என்பாள். "உன்னோடதை மிளகாய்ப்பொடியிலன்னா முக்கியிருக்கு" என்பேன் நான். கரமனையிலிருந்து அவள் ஏறி எனக்கு இடம் போட்டு வைத்திருக்கும் பஸ்ஸில் இப்படியே சண்டை போட்டுக்கொண்டு போய்ச் சேருவோம்.

அவள் நடை உங்கள் எல்லோருக்கும் நினைவிருக்கும். சின்ன வயதில் கணுக்கால் முறிந்து சரியாகக் கூடாமல், வலது காலை வெளிப்பக்கம் திருப்பி வைத்து வைத்து நடப்பாள். ஒரு வருஷம் கலைவிழாவில் ஒரு பையன் அவளைப் போலப் புடவை கட்டிக்கொண்டு, குடையை இடுக்கிக்கொண்டு மேடையில் நடந்து காட்டினான். அரங்கமே கூரை பறக்கச் சிரித்தது. எனக்குத்தான் முகம் சுண்டிப்போய்விட்டது. கோமதி முன்வரிசையிலிருந்து எழுந்து விறுவிறுவென்று மேடைக்கு ஏறினாள். பையன் குடையைக் கீழே இறக்கினான். "காலு நல்லாருக்கு மக்கா. கை தப்பு," என்றாள் மைக்கில். "வலது காலு பூமியில நிக்கிற நேரம் எனக்குக் கம்மி. கொஞ்சந்தான் நிக்கும், உடனே எடுத்துருவேன். அப்ப எடது காலு எட்டிப் போகாது, அதோட வர்ற வலது கையும் முழுசா முன்னால வராதுலா? பாதியிலேயே திரும்பிரும். எங்க, இன்னொருக்க நட." பையன் நடந்தான். அவள் பக்கத்தில் நடந்தாள். இரண்டு கோமதிகள் மேடையில் அங்குமிங்கும் நடப்பதைப் பார்த்து எல்லோரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தோம். நடக்கும்போது ஒரு காலுக்கு எதிர்க்கை ஏன் ஆடுகிறது என்று அன்று அந்த அரங்கில் புரியாதவர் யாரும் இருந்திருக்க முடியாது.

ஒவ்வொரு வருஷமும் அவளது முதல் வகுப்பு ஒரு நாற்காலியோடு தொடங்கும். அதற்குப் பெயர் வேறு வைத்திருந்தீர்கள், 'நாற்காலி அபிஷேகம்' என்று. ஒரு மாணவனை உட்காரவைத்து அவன் நெற்றியில் ஒரே ஒரு விரலை வைப்பாள். "இப்ப எந்திலே" என்பாள். அவன் முக்குவான், முனகுவான், எழ முடியாது. தலை முன்னால் வரவில்லையென்றால் உடம்பின் பாரம் பாதத்தின் மேல் வராது. பாரம் பாதத்துக்கு வராமல் எவனாலும் எழ முடியாது. "மூக்கு கால்விரலத் தாண்டணும், கேட்டியா. மூக்கு முன்னால போகாம பின்னால உள்ளது மேல வராது." வகுப்பு சிரித்து முடித்ததும் இரண்டு பேரைக் கூப்பிட்டு, உட்கார்ந்திருப்பவனை இரண்டு அக்குளிலும் கைகொடுத்துத் தூக்கச் சொல்வாள். தூக்குவார்கள். "எங்க போகுது உன் பாரம்?" என்று அவனைக் கேட்பாள். "பின்னாடி, டீச்சர்." "காலு?" "காலு சும்மா கெடக்கு டீச்சர்." அதுதான் பாடம். அக்குளில் பிடித்துத் தூக்கினால் ஆள் மேலே வருவார், ஆனால் எழமாட்டார். அவர் கால் ஒன்றும் கற்றுக்கொள்ளாது. அனில் படித்த வருஷம் நாற்காலியில் உட்கார்ந்து இந்தப் பதிலைச் சொன்னவன் அனில்தான். நான் அன்று ஏதோ வேலையாக அந்த வகுப்பின் வாசலில் நின்றிருந்தேன், அதனால் எனக்குத் தெரியும்.

இன்னொரு பழக்கத்தின்மேல் அவளுக்குத் தீராத கடுப்பு. எங்கள் ஆஸ்பத்திரியில் நோயாளி விரலை அசைத்தாலே நாலு பேர் "வெரி குட், வெரி குட்" என்று கூவுவோம். ஒருநாள் வார்டுக்கு வந்தவள் என் எதிரிலேயே ஒரு மாணவியைப் பிடித்துக்கொண்டாள். "நீ வெரி குட்டுன்னு கத்துனா அவரு யாரப் பாப்பாரு?" "என்னை, டீச்சர்." "அவரு பாக்க வேண்டியது?" அந்தப் பெண் நோயாளியின் முகத்தைப் பார்த்தாள். "அவரு காலப் பாக்கணும்ட்டி! காலு எங்க ஊனுச்சு, எங்க வழுக்குச்சுன்னு உள்ளுக்குள்ள பாக்கணும். நீ குறுக்க நின்னு பாட்டுப் பாடுத." எனக்கு ரோஷம் வந்துவிட்டது. பயந்து கிடக்கிற மனுஷனுக்கு ஒரு நல்ல வார்த்தை சொல்லக்கூடாதா என்று சண்டைக்குப் போனேன். "சொல்லு. ஆனா அவரு முடிச்சு, கொஞ்சம் யோசிச்சதுக்கு அப்புறம் சொல்லு. அதுவும் ஒவ்வொரு தடவையும் சொல்லாத" என்றாள். ஒரு வாரம் அவளோடு பேசவில்லை. பஸ்ஸில் வேறு சீட்டில் உட்கார்ந்தேன். அந்த வாரம் முழுக்க வாயை மூடிக்கொண்டு வேலை பார்த்தேன். அவள் சொன்னது சரிதான் என்று நோயாளிகளே காட்டிக்கொடுத்துவிட்டார்கள்.

சாலைக் கடைத்தெருவில் கணக்கு எழுதிக்கொண்டிருந்த பரமசிவம் என்பவரைப் பக்கவாதத்துக்குப் பிறகு எங்களிடம் கொண்டுவந்தார்கள். இரண்டு கம்பிகளுக்கு நடுவே அவரை நடக்கவைத்தோம். வெகு அழகாக நடந்தார். வழவழப்பான எங்கள் தரை, பக்கத்தில் கம்பி, எதிரே கண்ணாடி. எங்களுக்கு ஒரே பெருமை. வீட்டுக்கு அனுப்பினோம். நாலாம் நாள் அவர் மகன் வந்து, "மேடம், அப்பா ஒரு எட்டு வைக்கல. நெலப்படிகிட்ட வந்து அப்படியே நின்னு கரையிறாரு" என்றான். கோமதி அவனோடேயே கிளம்பிப் போனாள். என்னையும் இழுத்துக்கொண்டு போனாள். வீட்டு நிலைப்படி கணுக்கால் உயரத்துக்கு மேல் இருந்தது. தாண்டி உள்ளே போனால் இருட்டுக் கூடம், அதில் பாதிக்கு மேல் அரிசி மூட்டை. பரமசிவம் நிலையைப் பிடித்துக்கொண்டு அழுதபடி நின்றிருந்தார். கோமதி என்னைத் திரும்பிப் பார்த்த பார்வை இருக்கிறதே! "இவருக்கு நடக்கத் தெரியலட்டி. நம்ம தரையில நடக்க மட்டும் தெரியும்" என்றாள்.

அதற்குப் பிறகுதான் எங்கள் வார்டில் மணல் வந்தது, மரப்படி வந்தது, சுருட்டிப் போட்ட சாக்கு வந்தது. கையில் தண்ணீர்ச் செம்பைக் கொடுத்து நடக்கவைப்பாள். நடுவில் யாரையாவது குறுக்கே போகச் சொல்வாள். ஒரே மாதிரி நூறு முறை நடப்பதைவிட ஒவ்வொரு முறையும் கொஞ்சம் மாற்றி மாற்றி நடந்தால், அன்றைக்குப் பார்க்கக் கோணலாக இருக்கும். ஆனால் கற்றது உடம்பில் தங்கும் என்பாள். தடுமாறுகிற நோயாளியை நோக்கிக் கை நீளும்போதெல்லாம் என் மணிக்கட்டில் தட்டுவாள். "தப்பு வருது பாத்தியா, அது அவரோட சொத்து. நீ அதுல கை வைக்காத." விழுந்து அடிபடாமல் பார்க்க வேண்டியது எங்கள் வேலை, தடுமாறாமல் பார்ப்பது எங்கள் வேலையில்லை. இந்த இரண்டுக்கும் நடுவில் உள்ள சாண் அகல இடத்தில்தான் அவள் காலம் முழுக்க நின்றாள். துறைத்தலைவர் மணலைப் பார்த்து, இது ஆஸ்பத்திரியா சங்குமுகம் கடற்கரையா என்று கேட்டார். பரமசிவம் தம் வீட்டு நிலைப்படியைத் தாண்டித் தாமாகவே கடைக்குப் போன பிறகு துறைத்தலைவர் மணலைப் பற்றிக் கேட்கவில்லை.

ஒருமுறை எல்லோருமாகப் பொன்முடி போய்விட்டுத் திரும்பும்போது கல்லாற்றில் இறங்கினோம். கரையோரத்தில் தண்ணீர் முழங்காலுக்கும் கீழேதான். பாசி பிடித்த கல்லாகக் கிடந்தது. நாங்களெல்லாம் கைகோர்த்துச் சங்கிலியாகப் போனோம். நடுவில் ஒருத்தி வழுக்கினாள். அத்தனை பேரும் தொப்தொப்பென்று தண்ணீரில். என் புதுப்புடவை போயிற்று. கோமதி மட்டும் தன் கோணல் காலோடு தனியாக, கல்லுக்குக் கல் நின்று நின்று, ஆற்றிலிருந்த பெரிய பாறை வரைக்கும் போய் உட்கார்ந்துவிட்டாள். அங்கிருந்து எங்களைப் பார்த்துச் சிரித்த சிரிப்பில் தேநீர்க் கடைக்காரர் வெளியே வந்து எட்டிப் பார்த்தார். "கையப் பிடிச்சவளுக்குக் கல்லத் தெரியாதுட்டி!" என்று கத்தினாள். புடவையைப் பிழிந்துகொண்டே அவளைத் திட்டித் தீர்த்தேன்.

இப்படிப்பட்டவளுக்குத்தான் பக்கவாதம் வந்தது. கரமனை வீட்டில் பல் தேய்க்கும்போது இடது கை விழுந்துவிட்டது. இடது கால் இழுத்தது, பேச்சு குழறியது. புத்தி மட்டும் தெளிவாக இருந்தது, ஒரு மயிரிழைகூடக் குறையவில்லை. அவசர சிகிச்சையில் கட்டிலோடு அவளைத் தள்ளிக்கொண்டு போகும்போதே என்னிடம், "எடது பக்கம். பேச்சு வந்துரும். காலத்தான் வேகமாப் பிடிக்கணும்" என்றாள். ஆபத்து கடந்ததும் அவள் தம்பி தாணு கழக்கூட்டத்திலுள்ள தன் ஃபிளாட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனான். தனியாக இருப்பவளை வேறு எங்கே வைக்க முடியும்? அதில் நான் குறை சொல்லவில்லை.

குறை சொல்வது அதற்குப் பிறகு நடந்ததை. சொந்தமாக கிளினிக் வைத்திருப்பவன், பெரிய ஆஸ்பத்திரிகளில் துறைக்கே தலைவியாக இருப்பவள் என்று அவளிடம் படித்தவர்கள் திரண்டு வந்தீர்கள். முறை போட்டுக்கொண்டு தினமும் இரண்டிரண்டு பேராகப் போனீர்கள். அனில் தன் கிளினிக்கைப் பாதி நேரம் மூடிவிட்டு வந்தான். குருவுக்குச் செய்கிறோம் என்று உங்கள் கண்ணெல்லாம் கலங்கியிருந்தது. வாசல்படியில் குனிந்து தொட்டுக் கும்பிட்டுவிட்டு உள்ளே போனீர்கள். எனக்கே அதைக் கேட்டு மனசு நிறைந்துபோயிற்று. நல்லவேளை, சரியான கைகளில் இருக்கிறாள் என்று நினைத்தேன்.

முதல் விடுமுறை நாளில் போய்ப் பார்த்தேன். அறையில் பூ, ஊதுபத்தி, புது மெத்தை. கட்டிலில் இருந்து அவளை நாற்காலிக்கு மாற்றும் நேரம். அனில் ஒரு பக்கம், இன்னொரு பையன் மறுபக்கம். இரண்டு அக்குளிலும் கைகொடுத்தார்கள். "டீச்சர் அனங்கண்டா, நாங்க பாத்துக்கறோம்" என்றான் அனில். அசையவே வேண்டாமாம்! ஒரே தூக்கு. ஜாடியிலிருந்து பூவை எடுத்து வேறு ஜாடியில் வைப்பது போல அவ்வளவு சுத்தமான வேலை. அவள் கால் இரண்டும் தரையைத் தடவிக்கொண்டு போயின. உற்சவமூர்த்தியை எழுந்தருளப்பண்ணுவது போல நாற்காலியில் வைத்தார்கள். அவள் என்னைப் பார்த்தாள். அந்தக் கண்ணை நான் என்னவென்று எழுத? வலது கையைத் தூக்கித் தன் மூக்கைத் தொட்டுக் காட்டினாள். மூக்கு அரிக்கிறதென்று நினைத்து அந்தப் பையன் துண்டால் துடைத்துவிட்டான்.

அனிலைச் சமையலறைக்கு இழுத்துக்கொண்டு போனேன்.

"என்னடா பண்றேள் நீங்க? அவ சொல்லிக்கொடுத்த முதல் பாடத்தையே மறந்துட்டேளா?"

"மறக்கல மேடம். எனக்கு நல்லா ஓர்மை இருக்கு."

"பின்னே ஏண்டா அவளை மூட்டை மாதிரி தூக்கறே? இடது பாதத்தைக் கொஞ்சம் பின்னால வெச்சு, முன்னால சாயச் சொல்லு. அவளே எழுந்துப்பா. பத்துத் தடவை சரிவா. சரியட்டுமே! கீழே மெத்தையைப் போட்டுக்கோ."

அவன் முகம் சிறுத்துவிட்டது. "வேற பேஷண்ட்னா அப்படித்தான் செய்வேன் மேடம். டீச்சர் என் கண்ணு முன்னாடி விழறதப் பாத்துட்டு நிக்க எனக்கு மனசு வராது. எனக்குச் சோறு போட்ட வித்தை அவங்க தந்தது. அவங்கள நான் கீழ போடுவேனா? என்னைக் கொன்னாலும் மாட்டேன்."

சொல்லும்போதே அழுதான். நான் என்ன செய்ய? திட்டுவதற்குக்கூட ஒரு கெட்டவன் கிடைக்கவில்லை. அத்தனை பேரும் தங்கமான பிள்ளைகள். இதைப் படிக்காத ஒரு சாதாரண ஆள் தூக்கியிருந்தால் இரண்டு நாளில் முதுகு வலித்து, "நீங்களே கொஞ்சம் எழுந்திருங்களேன்" என்றிருப்பான். அவளும் முக்கி முனகி எழுந்திருப்பாள். நீங்களோ கைதேர்ந்தவர்கள். உங்கள் பிடி வழுக்கவில்லை, உங்கள் முதுகு வலிக்கவில்லை. தூக்குவதில் உலகத்திலேயே கெட்டிக்காரர்களை அவளே தயாரித்து வைத்திருந்தாள். ஊரிலுள்ள நோயாளிகளுக்கெல்லாம் அவள் பாடத்தைக் கொடுத்தீர்கள். அவளுக்கு மட்டும் மரியாதையைக் கொடுத்தீர்கள்.

வாரங்கள் போயின. கால் மெலிந்துகொண்டே வந்தது. நான் ஒரு பகல் வேளையில், உங்கள் முறைக்காரர்கள் சாப்பிடப் போயிருந்த நேரமாகப் பார்த்துப் போனேன். தடித்த ரப்பர் பாய் ஒன்றைச் சுருட்டி எடுத்துப் போயிருந்தேன். கட்டில் முன்னால் விரித்தேன், சுற்றிலும் தலையணை போட்டேன். ஹோம் நர்ஸ் லிசி பயந்து கதவோரம் நின்றாள். கோமதியிடம், "எழுந்திருக்கிறயா?" என்றேன். "இவ்வளவு நாள் எங்கட்டி போய்த் தொலைஞ்ச?" என்றாள். குழறலாக, ஆனால் அவளுடைய அதே மிளகாய்ப்பொடிக் குரல்.

விளிம்புக்கு நகர்ந்தாள். வலது கையால் இடது காலை எடுத்துப் பின்னால் வைத்தாள். நான் என் கைகளை என் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டேன். இல்லையென்றால் அவை தாமாகவே நீண்டிருக்கும். முன்னால் சாய்ந்தாள். ஒரு முறை முடியவில்லை, இன்னொரு முறையும் முடியவில்லை. வியர்த்துக் கொட்டியது, வாயோரம் எச்சில் வழிந்தது. நான் ஒரு வார்த்தை பேசவில்லை. அடுத்த தடவை எழுந்துவிட்டாள். எழுந்து நின்றாள்! புடவை நழுவ, தலை கலைய, வாய் கோணிச் சிரித்துக்கொண்டு, கோமதி தன் காலில் நின்றாள். அப்புறம் இடது பக்கமாகச் சரிந்து பாயின்மேல் விழுந்தாள். விழும்போதே நான் இடுப்பைத் தாங்கி இறக்கினேன். முழங்கையில் லேசாகச் சிராய்த்தது, அவ்வளவுதான். கீழே கிடந்தபடியே சிரித்துக்கொண்டிருந்தாள்.

அந்தச் சத்தத்துக்குத்தான் தாணு ஓடிவந்தான். அக்கா தரையில் கிடக்கிறாள், நான் பக்கத்தில் நிற்கிறேன். "ஒங்கள நம்பி விட்டதுக்கு என் அக்காளக் கொல்லவா பாத்திய?" என்று கத்தினான். கோமதி ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அவசரத்தில் அவளுக்குப் பேச்சு கட்டிக்கொள்ளும். அவன் காதில் அது விழவில்லை. அனில் படியேறி வந்து அவளை அள்ளித் தூக்கிக் கட்டிலில் போட்டான். "மேடம், தயவு செஞ்சு இனி வராதீங்க" என்றான். அன்று மாலையே குழுவில், டீச்சரை இனிமேல் யாரும் தனியாகக் கையாள வேண்டாம் என்று எழுதியிருந்தீர்கள். யார் என்று பெயர் போடவில்லை. உங்கள் பெருந்தன்மைக்கு நன்றி.

அதற்குப் பிறகு நிமோனியா வந்தது, கண்ணை மூடினாள். நின்று நடந்திருந்தால் பிழைத்திருப்பாள் என்று நான் சத்தியம் செய்ய முடியாது. பக்கவாதத்துக்குப் பின் எதுவும் நடக்கலாம். ஆனால் படுத்தே கிடக்கிற நெஞ்சில் சளி கட்டும் என்பது உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். தெரிந்தும் அவளுக்கு வாய்ப்பைக் கொடுக்கவில்லை என்பதுதான் என் வயிற்றெரிச்சல். சாவதற்கு முன்னால் அவளுக்கு ஒரு வேலை பாக்கியிருந்தது. அதை முடிக்கிற தெம்பும் இருந்தது. விழுவதற்கு உரிமை மட்டும் இல்லாமல் போயிற்று.

உங்களில் யாருக்கும் தெரியாத ஒன்றை இப்போது சொல்கிறேன். அவள் விழுந்த மறுநாள், பகலில், லிசியின் போனிலிருந்து என்னை அழைத்தாள்.

"ஏட்டி மீனா, ஒண்ணு கண்டுபிடிச்சேன். நேத்து விழுந்தேம்லா, எடது குதிகாலு தரையில படல. விரல்லதான் நின்னிருக்கேன். அதான் அந்தப் பக்கம் சரிஞ்சிருக்கு. ராத்திரி பூரா அத நெனச்சுப் பாத்தேன். முதல்ல குதிகால ஊனிட்டு, அப்புறம் மூக்க முன்னால விடணும்."

"கோமதி, உன் தம்பி என்னை உள்ளே விடமாட்டான்டி."

"அவன் கெடக்கான். நாளைக்கு வா. பாயக் கொண்டா."

போனேன். மறுநாள் பாயைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு கழக்கூட்டத்து வெயிலில் அந்த ஃபிளாட்டின் கேட்டில் போய் நின்றேன். காவலாளி இன்டர்காமில் மேலே கேட்டார். திரும்பி என் முகத்தைப் பார்க்காமல், "மேடம், மேலே விடண்டான்னு பறஞ்சிருக்காங்க" என்றார். எவ்வளவோ வாதாடினேன். கூச்சல் போட்டேன். அவர் பாவம், ஒரு நாற்காலியைக் கொண்டுவந்து போட்டு உட்காரச் சொன்னார். நான் உட்காரவில்லை. மேலே எந்த ஜன்னல் அவளுடையது என்று எனக்குத் தெரியவில்லை. தெரியாமலேயே ஒவ்வொரு ஜன்னலாகப் பார்த்துக்கொண்டு நின்றுவிட்டுத் திரும்பினேன்.

அவளிடமிருந்து நான் எதை வைத்துக்கொண்டிருக்கிறேன் என்று மலரில் கடைசியாக எழுத வேண்டுமாம். எல்லோரும் அன்பு, அறிவு, ஆசி என்று எழுதியிருப்பீர்கள். என்னிடம் ஒரு திருத்தம்தான் இருக்கிறது. ஒரே ஒரு முறை விழுந்து, அதிலிருந்து அவள் தனக்காகக் கண்டெடுத்தது: இடது குதிகாலை முதலில் ஊன்ற வேண்டும். அதைச் செய்து பார்க்க அவள் தயாராக இருந்தாள். கட்டில் விளிம்பில் உட்கார்ந்து அன்று பகல் முழுக்க எனக்காகக் காத்திருந்தாள் என்று லிசி பிறகு சொன்னாள்.